பழைய தளிகை ஏடுகளைப் படித்தறியும் முறை

எம்பெருமானுடைய திருவிழாவில் ஸேவை முடிந்து, தீர்த்தமும் துளசியும் பெற்று, பிரசாதத்தைக் கையில் வாங்கும்போது அதன் மணமே நம்மை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது. புளியோதரையாயினும் சர்க்கரைப் பொங்கலாயினும் அந்தச் சுவை நம் இல்லத்து அடுக்களையில் எளிதில் அமைவதில்லை. "எங்கள் பாட்டி செய்தால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஏங்காதவர் சிலரே. அந்தப் பாட்டிமாரில் பலர், தாம் அறிந்ததை எழுதி வைத்துவிட்டே பரமபதம் அடைந்தனர். பரணிலும் மரப்பெட்டியிலும் கிடக்கும் பழைய கணக்கு நோட்டுகளிலும், சில இல்லங்களில் ஓலைச் சுவடிகளிலும், தளிகை முறைகள் இன்றும் இருக்கின்றன.

ஆயினும் அவற்றை எடுத்துப் படிப்பவர் இரண்டு வரிக்குள் திகைத்து நின்றுவிடுகின்றனர். எழுத்து தெரிகிறது, பொருள் தெரிவதில்லை. 'இங்குவ வ பலம்' என்று ஒரு வரி. 'பெண்ணெ க சேர்' என்று மற்றொன்று. 'மெணசு', 'சொண்டி', 'ஏலரிசி', 'அஸ்கா' என்று அடுத்தடுத்துச் சொற்கள். இவற்றைக் கண்டவுடன் சிலர் ஏட்டை மூடிவிடுகின்றனர். வேறு சிலர், தெரியாத இடத்தில் தமக்குத் தெரிந்த ஒரு பொருளை இட்டு நிரப்பிக்கொள்கின்றனர். முன்னதைவிடப் பின்னதே பெரிய இழப்பு. மூடிய ஏட்டைப் பின்வருவோர் திறக்கக்கூடும். தவறாகத் திருத்திய ஏடு, தவற்றையே மரபாக்கிவிடும். ஆகவே அவ்வேடுகளைப் படித்தறிவதற்கு உரிய முறையை, அடியேன் அறிந்த அளவில், திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நம் மாவட்டத்து ஏடுகளின் இயல்பு

பழந்தமிழ் நூல்களில் தகடூர் என வழங்கிய இந்நாடு, அதியமான்களுக்குப் பின் நுளம்பர், ஹொய்சளர், விஜயநகர வேந்தர், மைசூர் அரசர் எனப் பலர் ஆட்சியைக் கண்டது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் என்னும் பெயருடன் கும்பினியார் கைக்கு மாறியது. நெடுங்காலம் சேலம் மாவட்டத்தோடு இருந்து, 1965இல் தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இத்தனை ஆட்சிகளின் பயனாகத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கே ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், கலந்து வழங்கலாயின.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. அதியமான்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் திருநாமம் சென்னராயப் பெருமாள். 'சென்ன' என்பது கன்னடத்திலும் தெலுங்கிலும் அழகைக் குறிக்கும். 'ராய' என்பது அரசன். ஆகவே 'அழகிய மன்னன்' என்பதே திருநாமத்தின் பொருள். பெருமாள் திருநாமத்திலேயே இப்படி அண்டைமொழி கலந்திருக்க, அடுக்களை ஏட்டில் கலந்திருப்பதில் வியப்பென்ன? நம் பகுதியில் ஒரு தளிகை ஏட்டைத் திறப்பவர், அது முழுவதும் தமிழே என்று கொண்டுவிடலாகாது. தமிழ் எழுத்தில் தெலுங்கும் கன்னடமும் எழுதப்பட்டிருக்கும் என்பதை முதற்கண் மனத்தில் இருத்த வேண்டும்.

எண்ணும் அளவும்

ஏட்டில் ஒரு சொல் புரியவில்லையென்றால், அது பொருளின் பெயர்தானா என்று முதலில் ஐயுற வேண்டும். புரியாத சொற்களில் சரிபாதி எண்ணாகவோ அளவாகவோ இருந்துவிடுவதுண்டு.

பழைய தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே தோன்றும். ஒன்று முதல் பத்து வரை முறையே க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்னும் எழுத்துகளை ஒத்த வடிவுடையன. கால் என்னும் பின்னத்துக்கு 'வ' போன்ற குறி. எனவே மேலே கண்ட 'இங்குவ வ பலம்' என்பதில் நடுவிலுள்ள 'வ' கால் என்னும் எண்ணாகும். மேற்படி என்பதற்கு ௸ என்றொரு குறி உண்டு. 'நெய் க சேர், ௸ல் வறுத்து' என்றிருந்தால், மேலே சொன்ன நெய்யிலேயே வறுக்க வேண்டும் என்பது கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மிளகு அ பலம்' என்று இருந்தால், 'அ' என்பதை அரை என்பதன் சுருக்கமாகக் கொள்ளத் தோன்றும். ஆனால் அது எட்டு என்னும் எண்ணாகவும் இருக்கலாம். அரைப் பலத்துக்கும் எட்டுப் பலத்துக்கும் பதினாறு மடங்கு வேற்றுமை! அதே ஏட்டில் எழுதியவர் மற்ற எண்களை எப்படி எழுதியிருக்கிறார், அரிசி எத்தனை படி என்பவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அவ்வாறே 'ரு' என்பது ஐந்து. அதை ரூபாய் எடை என்று மயங்கக்கூடாது.

எடைகளின் வாய்பாடு பின்வருமாறு:

32 குன்றிமணி = 1 வராகன் எடை
10 வராகன் எடை = 1 பலம்
8 பலம் = 1 சேர்
5 சேர், அதாவது 40 பலம் = 1 வீசை
8 வீசை = 1 மணங்கு

ஒரு பலம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். மூன்று தோலா ஒரு பலம். ரூபாய் எடை என்பதும் தோலா என்பதும் ஒன்றே. ஒரு வீசை ஏறத்தாழ 1,400 கிராம்.

முகத்தல் அளவையில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி அல்லது படி, 8 படி ஒரு குறுணி அல்லது மரக்கால். தெலுங்கு வழங்கிய இல்லங்களில் 4 கித்த ஒரு சோல, 2 சோல ஒரு தவ்வ, 2 தவ்வ ஒரு மானிக எனக் காணலாம். கன்னடம் வழங்கிய இல்லங்களில் 4 பாவு ஒரு சேர். இந்தச் சேர் முகத்தல் அளவு. மேலே சொன்ன எடைச் சேர் வேறு. அரிசிக்கும் பாலுக்கும் சேர் என்றால் முகத்தலென்றும், வெல்லத்துக்கும் புளிக்கும் சேர் என்றால் எடையென்றும் முதலில் கொண்டு பார்ப்பது பெரும்பாலும் பொருந்தும்.

படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். எல்லாப் பொருளும் படியாலேயே சொல்லப்பட்டிருந்தால் கவலையில்லை. எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் விகிதம் மாறாது. 'அரிசி ஒரு படி, புளி ஐந்து பலம்' என்று முகத்தலும் எடையும் கலந்து வரும்போதுதான் எந்தப் படி என்று அறிந்தாக வேண்டும். அந்த இல்லத்துப் பழைய பித்தளைப் படி கிடைக்குமானால், அதில் தண்ணீர் நிரப்பி அளந்து, அளவை ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வது நலம்.

அளவைகள் ஏட்டின் காலத்தையும் ஒருவாறு காட்டும். மெட்ரிக் எடைகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பலமும் வீசையுமாக எழுதிய பக்கம் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது, அல்லது முற்பட்ட ஒன்றைப் பார்த்து எழுதியது.

எழுத்தின் மயக்கம்

ஓலையிலிருந்து பெயர்த்து எழுதிய பக்கங்களில் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை இராது. அவ்வேற்றுமையைக் குறியால் காட்டும் இன்றைய வழக்கு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது. கையெழுத்தில் அது பரவப் பல்லாண்டுகள் ஆயின. அன்றியும் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவாக இருக்கும்.

இதனால் விளையும் குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'சேர்' என்னும் அளவை, புள்ளியும் நெடிற்குறியும் இன்றி எழுதினால் 'செர' என்றாகும். அதில் ரகரத்தைத் துணைக்காலாகக் கொண்டால் 'சொ' அல்லது 'சோ' என்று படிக்கலாம். 'சோ' என்றதும் சோம்பு என்று எண்ணி, பெருமாள் தளிகையில் சோம்பைச் சேர்த்துவிடுவார் ஒருவர்! முன்னும் பின்னும் எண் இருக்கிறதா என்று பார்த்தால் இப்பிழை நேராது. எண்ணை அடுத்து நிற்பது பெரும்பாலும் அளவாகவே இருக்கும்.

அண்டைமொழிச் சொற்கள்

இவற்றை அறிய மொழிப் புலமை வேண்டுவதில்லை. இரண்டொரு மரபுகளை அறிந்தால் போதும்.

நம் மாவட்டத்தின் பெருமையான ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் 'ஹொகே' என்பது புகை; 'ஹொகேன கல்' என்பது புகையும் பாறை. தமிழில் பகரமாக நிற்பது கன்னடத்தில் ஹகரமாகும் என்பது இதனால் விளங்கும். இவ்வொரு மரபைக் கொண்டே 'ஹாலு' பால் என்றும், 'ஹுளி' புளி அல்லது புளிப்பு என்றும், 'ஹூவு' பூ என்றும் அறியலாம்.

அடுத்தது, தமிழின் வகரம் கன்னடத்தில் பகரமாவது. 'பெல்ல' என்பது வெல்லம். தெலுங்கிலும் 'பெல்லம்' என்பர். 'பெண்ணெ' என்பது வெண்ணெய். எனவே 'பெண்ணெ க சேர்' என்ற வரியில் பாட்டியார் எந்தப் பெண்ணையும் விளித்துப் பேசவில்லை. வெண்ணெய் ஒரு சேர் என்றே எழுதியிருக்கிறார்.

தமிழ்ச் சொல்லைப் போலவே தோன்றி வேறு பொருள் தருவனவற்றில் மிகுந்த விழிப்பு வேண்டும். 'பெருகு அரைப்படி' என்றால் தெலுங்கில் தயிர் அரைப்படி. 'சுண்டி' என்பது கன்னடத்தில் இஞ்சி அல்லது சுக்கு. 'பால், சுண்டி' என இருப்பதைப் பாலைச் சுண்டக் காய்ச்சுவதாகக் கொண்டால் ஒரு சரக்கே விடுபட்டுப்போம். தெலுங்கில் சுக்குக்குச் 'சொண்டி' என்றும், பச்சை இஞ்சிக்கு 'அல்லம்' என்றும் பெயர். 'இங்குவ' என்பது பெருங்காயம். ஆக, முதலில் கண்ட வரியின் பொருள் 'பெருங்காயம் கால் பலம்' என்பதே.

'மெணசு' கன்னடத்தில் மிளகு. 'மிரியாலு' தெலுங்கில் மிளகு. 'ஆவலு' தெலுங்கிலும் 'சாசிவெ' கன்னடத்திலும் கடுகு. 'நுவ்வுலு' எள். 'மினப்பப்பு' உளுத்தம்பருப்பு, 'செனகபப்பு' கடலைப்பருப்பு, 'கந்திபப்பு' துவரம்பருப்பு. 'ஹெசரு' கன்னடத்திலும் 'பெசர' தெலுங்கிலும் பச்சைப்பயறு. தினையைக் கன்னடத்தில் 'நவணெ' என்றும் தெலுங்கில் 'கொர்ரலு' என்றும் சொல்வர்.

ஸம்ப்ரதாயச் சொற்கள்

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் வழங்கும் சொற்கள் ஒரு தனி வகை. சமையல் என்னாது தளிகை என்பர். ரஸம் சாற்றமுது, பாயஸம் திருக்கண்ணமுது, கூட்டு நெகிழ்கறியமுது. காயை நறுக்குவதாகச் சொல்லாமல் திருத்துவதாகச் சொல்வர். 'வாழைக்காய் திருத்தி' என்பதைக் கண்டு, எழுதியவர் ஏதோ பிழை திருத்தியிருக்கிறார் என்று ஒரு மாணவர் எண்ணியதுண்டு!

இவ்வழக்கின் பழமை கல்வெட்டுகளால் விளங்கும். கோயிற் சாஸனங்களில் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, மிளகமுது, உப்பமுது, அடைக்காயமுது, இலையமுது என எம்பெருமானுக்கு ஆகும் ஒவ்வொரு பொருளோடும் 'அமுது' சேர்ந்தே வரும். அடைக்காயமுது பாக்கு, இலையமுது வெற்றிலை. திருமலையின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. திருப்பதி தேவஸ்தானத்தார் 1931 முதல் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். அவற்றில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று வருவனவற்றில் 'படி' என்பது முகத்தல் அளவன்று. எம்பெருமானுக்கென்று கட்டளையாக ஏற்படுத்திய ஒரு நிவேதனத்தின் திட்டம். 'படித்தரம்' என்னும் சொல்லிலும் அதே பொருள். கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பத்தாரின் ஏட்டில் 'வடைப்படி உ' என்றிருந்தால் இரண்டு படி வடை என்று அளக்கப் புகலாகாது.

பெயர் நின்று பொருள் மாறியவை

சில சொற்கள் நமக்கு நன்கு தெரிந்தவையே. தெரிந்தவை என்பதாலேயே அவை ஏமாற்றிவிடும்.

'அக்கார அடிசில்' என்பதை அறியாதார் யார்? திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் ஸமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அதனைப் பிற்காலத்தில் எம்பெருமானார் நிறைவேற்றி, 'கோயில் அண்ணன்' என்னும் திருநாமம் பெற்றார் என்பது நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஆயினும் அக்காரம் எது என்று கேட்டால் பலர் விழிப்பர். அக்காரம் என்பது கரும்பின் கட்டி, அதாவது வெல்லம். அடிசில் என்பது சோறு. கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருப்பதால், அந்த அக்காரத்தோடு நம் தகடூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்று மகிழலாம்.

'சர்க்கரை' என்னும் சொல்லும் பழைய ஏடுகளில் வெல்லத்தையோ நாட்டுச் சர்க்கரையையோ குறிக்கும். சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் இடுவதே இதற்குச் சான்று. வெள்ளைச் சர்க்கரையைக் குறிக்க வேண்டியபோது 'அஸ்கா' என்று எழுதினர். அஸ்கா என்பது ஓர் ஊர். இன்று ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் உள்ளது. 1936 வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அமைந்த ஆலையின் சர்க்கரை எங்கும் பரவ, ஊரின் பெயரே பொருளின் பெயராயிற்று. 'சீனி' என்பதிலும் சீன நாட்டின் பெயர் இருக்கிறது. ஒரே ஏட்டில் சர்க்கரையும் அஸ்காவும் தனித்தனியே வந்தால், இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை மறக்கலாகாது.

'ஏலரிசி' என்பதில் அரிசி இல்லை. ஏலக்காயின் உள்ளே இருக்கும் விதைகளே ஏலரிசி. அரிசி என்பது விதைக்குப் பொதுப்பெயராகவும் வரும். 'லவங்கம்' என்பதைச் சிலர் பட்டை என்று கொள்வர். தெலுங்கு வழக்கில் அது கிராம்பு. 'கடலை' என்று பழைய ஏட்டில் வருவது கொத்துக்கடலையினத்தைச் சேர்ந்தது; வேர்க்கடலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னாளில் வந்த பயிர். 'மணிலாக்கொட்டை' என்னும் அதன் மறுபெயரே அது வந்த வழியைச் சொல்லும். 'சீரகம்' என்பதிலும் நற்சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் என்று வேற்றுமை உண்டு, பெருஞ்சீரகமே சோம்பு. அடைமொழி இல்லாத சீரகத்தை நற்சீரகமாகவே கொள்ள வேண்டும்.

மடைப்பள்ளி முறை என்னும் சான்று

எழுத்தாலும் மொழியாலும் தெளியாத இடத்தில், மடைப்பள்ளி முறை கைகொடுக்கும். எம்பெருமான் தளிகையில் வெங்காயமும் பூண்டும் இல்லை. ஆகவே பெருமாள் நிவேதனத்துக்கான பக்கத்தில் 'காயம்' என்று மட்டும் இருந்தால், அது பெருங்காயமே.

'மிள.' என்று சுருக்கமாக இருந்தால் மிளகா, மிளகாயா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; போர்த்துகீசியர் வந்த பின்னர், 16ஆம் நூற்றாண்டில், நம் நாட்டை அடைந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று தமிழர் அதற்குப் பெயரிட்டனர். கன்னடத்திலும் அவ்வாறே மெணசு என்பதிலிருந்து 'மெணசினகாயி' பிறந்தது. விஜயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அரிசி, பயறு, நெய், தயிர், சர்க்கரை, உப்பு, மிளகு எனத் தளிகைப் பொருள்கள் அளவோடு சொல்லப்படுகின்றன. உறைப்புக்கு அங்கே மிளகுதான். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு மூங்கிற் குடலையில் இலை பரப்பி ஆவியில் வேகவைத்து அமுது செய்விக்கும் இட்டலியில் இன்றும் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கின்றன. எனவே நிவேதனப் பக்கத்தில் 'மிள.' என்பது மிளகு என்று துணியலாம். அதே ஏட்டில் வீட்டுக் குழம்புக்கான பக்கத்தில் அது மிளகாயாக இருக்கக்கூடும். அந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்பதே இங்கே திறவுகோல்.

ஒரு குன்றிமணியின் பாடம்

இத்தனை நுணுக்கம் எதற்கு, சுவை சிறிது மாறினால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அடியேன் உறவினர் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அவ்வில்லத்துப் பழைய நோட்டில் ஓர் அண்டா திருக்கண்ணமுதுக்கான பக்கம் இருந்தது. திருநக்ஷத்திர உத்ஸவத்துக்கு அதைப் பார்த்தே தளிகை செய்ய வேண்டும் என்று பேத்திக்கு ஆசை. நகரத்தில் படித்த பெண். கருத்தாக ஒவ்வொரு பொருளையும் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டாள். கடைசிப் பொருள் பச்சைக் கற்பூரம். அத்தோடு வரி முடிந்து, அடுத்த வரியில் 'குன்றி 2' என்று இருந்தது. கோலப்பெட்டியில் பாட்டி வைத்திருந்த சிவப்பு மணிகளில் இரண்டை எடுத்து வந்து, "பாட்டி, இந்தக் குன்றிமணியை வறுத்துப் பொடிக்கணுமா, வறுக்காமலே பொடிக்கணுமா?" என்று கேட்டாள்.

பாட்டி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அம்மணிகளைப் பேத்தியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "குழந்தாய், இது தட்டில் இடுவது, அண்டாவில் இடுவதன்று" என்றார். தட்டு என்றது தராசுத் தட்டை. பச்சைக் கற்பூரத்தின் எடை இரண்டு குன்றிமணி என்பதே அவ்வரியின் பொருள். ஒரு குன்றிமணி ஏறத்தாழ 110 முதல் 130 மில்லிகிராம் இருக்கும். பழங்காலப் பொற்கொல்லர்க்கும் மருத்துவர்க்கும் அதுவே சிற்றெடை. அந்த விதையோ கொடிய நஞ்சு. முழுதாக இருக்கும்வரை மேல்தோல் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பொடித்துவிட்டால் மிகச் சிறிய அளவும் உயிரைப் போக்க வல்லது. பேத்தி கேட்காமல் பொடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் அவ்வில்லத்தார் பேசிக்கொள்வதில்லை.

அந்தப் பக்கத்திலேயே மற்றோர் இடறலும் இருக்கிறது. ஏடுகளில் 'கற்பூரம்' என்று மட்டும் இருந்தால், தளிகையில் அது பச்சைக் கற்பூரமே. கடையில் உணவுக்குரியது என்று கேட்டு வாங்க வேண்டுவது. தீபாராதனைக்கு ஏற்றும் சூடம் பெரும்பாலும் ஆலையில் செய்யப்படுவது. உணவில் சேரவே கூடாது, சிறுவர்க்கு மிகவும் கேடு. பச்சைக் கற்பூரத்தையும் சொன்ன அளவுக்கு மேல் சேர்த்தல் தகாது. ஓர் அண்டாவுக்கு இரண்டு குன்றி என்று பெரியோர் நிறுத்து எழுதியது கஞ்சத்தனத்தால் அன்று.

படிக்கும் முறை

மேலே கண்டவற்றைத் தொகுத்து, ஏட்டை எடுப்பவர் கைக்கொள்ள வேண்டிய முறையைச் சொல்கிறேன்.

1. முதலில் உள்ளதை உள்ளபடியே வேறொரு தாளில் படியெடுக்க வேண்டும். எழுத்துப் பிழை போலத் தோன்றுவதையும் திருத்தலாகாது. வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடிக்க வேண்டும். பூச்சி அரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்ட வேண்டும்.

2. ஒவ்வொரு வரியிலும் எண் எது, அளவு எது, பொருள் எது, செய்முறை எது எனப் பிரிக்க வேண்டும். எடைப்பெயரைப் பொருட்பெயராகக் கொள்ளும் பிழை இதனால் நீங்கும்.

3. எஞ்சிய பொருட்பெயரைத் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிவதுண்டு.

4. அதே சொல் அவ்வேட்டில் வேறு எங்கே வருகிறது, எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எள்ளோடும் புளியோடும் வருவது ஒன்று; பாலோடும் ஏலரிசியோடும் வருவது மற்றொன்று.

5. மடைப்பள்ளி முறைக்கு அது ஒக்குமா என்று கோயில் பரிசாரகரையோ, கைங்கர்யத்தில் பழகிய பெரியோரையோ கேட்க வேண்டும்.

6. நாட்டு மருந்துக் கடைக்கு ஏட்டின் படியை எடுத்துச் சென்று காட்ட வேண்டும். அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை போன்ற சரக்குகளின் பழம்பெயர்கள் அவர்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவர்கள் காட்டும் சரக்கு உண்ணத் தக்கதா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெளிய வேண்டும்.

7. பொருள் இன்னதென்று துணிந்த பிறகும் முதலில் சிறிய அளவில் வீட்டில் செய்து பார்க்க வேண்டும். பெருந்தளிகையில் சோதனை செய்தல் ஆகாது.

8. இவ்வளவுக்குப் பிறகும் தெளியாத சொல்லை அப்படியே விட்டுவிட வேண்டும். அதன் எதிரே, 'விளங்கவில்லை' என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அது என்னவென்று அறியாத பொருளைத் தளிகையில் சேர்க்கவும் கூடாது. வேறொன்றை அதன் பெயரால் சேர்க்கவும் கூடாது.

கடைசி விதி சிலருக்குக் கடுமையாகத் தோன்றும். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை' என்பது பழமொழியாயிற்றே, கிடைத்ததைக் கொண்டு செய்தால் என்ன என்பர். செய்யலாம், எம்பெருமான் பத்ரத்தையும் புஷ்பத்தையும் தீர்த்தத்தையும் அன்போடு ஏற்பவன். ஆனால் இலுப்பைப்பூவை இட்டுவிட்டு, ஏட்டில் சர்க்கரை என்று எழுதிவைத்தலே தவறு. மாற்றிச் செய்தால் மாற்றியதை மாற்றியதாகவே குறித்துவைக்க வேண்டும். நாம் என்ன செய்தோம் என்பதும், அவர்கள் என்ன எழுதினார்கள் என்பதும் பின்வருவோர்க்குத் தனித்தனியே தெரிய வேண்டும்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

திருவிழாவை முன்னிட்டு வெளியூர்களிலிருந்தெல்லாம் உறவினர் ஒன்றுகூடியிருக்கும் நாள் இது. இங்குவ என்றும் மெணசு என்றும் இயல்பாகச் சொல்லிப் பழகிய பெரியோர் இல்லந்தோறும் ஒருவர் இருவராகவே எஞ்சியிருக்கின்றனர். அவர்களுடைய செவியும் நினைவும் எந்த அகராதியிலும் இல்லாத சான்றுகள். மேலே சொன்ன பேத்திக்கு அருகில் பாட்டி இருந்தார். நாளை ஏட்டைத் திறப்பவருக்கு அருகில் யார் இருப்பார்?

ஆகவே திருவிழா முடிந்து இல்லம் திரும்பியதும், பரணிலிருந்து அப்பழைய நோட்டை இறக்குங்கள். வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து ஒரு பக்கத்தையேனும் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் படி, எந்தக் கரண்டி, எந்த ஊர்ப் புளி என்று கேளுங்கள். ஏட்டின் மேல் எழுதாமல் தனித்தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

தளிகையும் ஒரு கைங்கர்யம். அதை எழுதி வைத்ததும் கைங்கர்யம். எழுதியதைப் பிழையின்றிப் படித்துப் பின்வருவோர் கையில் ஒப்படைப்பதும் அக்கைங்கர்யத்தின் தொடர்ச்சியே. அடியேன் கூறியவற்றில் குற்றங்குறைகள் இருப்பின் பாகவதோத்தமர்கள் பொறுத்தருள வேண்டும். பெருமாள் திருவருளால் உங்கள் இல்லங்களில் பழைய தளிகையின் மணம் மீண்டும் கமழ்வதாகுக.

சுபம்.